'இது நடத்தாத கணக்கு மிஸ்': தெரியாததைத் தொட்டுப் பார்க்கவே பயப்படும் பிள்ளைகள்

#1 சாக்பீஸ்தூள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். காலாண்டு விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு எழுதுகிறேன், கொஞ்சம் புலம்பலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்கு கொடுத்திருந்தேன். "ஒரு செவ்வகத் தோட்டத்தின் சுற்றளவு 60 மீட்டர். நீளம் அகலத்தைவிட 6 மீட்டர் அதிகம். பரப்பளவு என்ன?" நீளம், அகலம் இரண்டையும் கொடுத்துவிட்டுப் பரப்பளவு கேட்டால் வகுப்பே போடும். சுற்றளவு சூத்திரமும் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் பாதிக்கு மேல் அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். கேள்வி எண்ணைக்கூட எழுதவில்லை. தப்பாகப் போட்டிருந்தாலாவது எங்கே இடறினார்கள் என்று பிடித்திருக்கலாம். வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது நீங்க நடத்தாத கணக்கு மிஸ்" என்றாள். குறை சொல்கிற தொனி இல்லை. நடத்தாததைத் தொடக்கூடாது என்று சட்டம் இருப்பதுபோல, வெகு இயல்பாகச் சொன்னாள்.

அறிவுக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை, பயம்தான். இதை எப்படி உடைப்பது? ஒரே ஒரு வேண்டுகோள்: தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடுங்கள் என்று யாரும் சொல்லாதீர்கள். போன வருடம் ஒருவர் வந்தார். "உன் அம்மா வெயிலில் களை எடுக்கிறாளே, நினைத்துப் பார்த்தாயா" என்று விளக்கை அணைத்துவிட்டுப் பேசினார். பிள்ளைகள் விக்கி விக்கி அழுதார்கள். மறுநாள் தேர்வில் அதே வெள்ளைத்தாள்தான், அதோடு அம்மாவை ஏமாற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

#2 வேப்பமரத்தடி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லையம்மா. நாம் எழுதாமல் எழுதிவைத்த சட்டத்தைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஆக 20. ஐந்து மதிப்பெண்ணில் பத்து, ஆக 50. கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டெட்டாக 16. தேர்ச்சிக்கு 35 போதும். ஜனவரி பிறந்தால் நாம் என்ன செய்கிறோம்? மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் போடுகிறோம். புத்தகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மார்க்கை உருப்போட வைக்கிறோம். தொடுகோடு வரைவதையும் கிராஃபையும் கை பழகும்வரை போட வைக்கிறோம். 14-ம் 16-ம் 30. உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஒன்றிரண்டு கணக்கு, கரை ஏறியாயிற்று. மீதியெல்லாம் "சாய்ஸ்ல விடு". இரண்டு மதிப்பெண் பகுதியில் 28-ஆம் வினா, ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-ஆம் வினா, இரண்டும் சாய்ஸ் இல்லாத கட்டாய வினா. புதிதாக எதையாவது கேட்டால் பெரும்பாலும் அங்கேதான் கேட்பார்கள். "அதைப் பார்க்காதே, நேரம் போகும்" என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மேலே இருந்து தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள், வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு அண்ணன் அக்காவுக்கு நடப்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது.

#3 மேட்டுத்தெரு

காரணம் ரொம்ப சிம்பிள். எட்டாவது வரை ஆல் பாஸ். அடியும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. பயமே இல்லாம வளர்ந்த பசங்களுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? நாங்கள்லாம் பிரம்படி வாங்கிப் படிச்சோம், இப்ப நல்லா இல்லையா?

#4 கத்திரிவெயில்

@மேட்டுத்தெரு பயமே இல்லேன்னா பேப்பரை ஏன் சார் வெள்ளையா விடறாங்க?

#5 சிலேட்டுக்குச்சி

அடி பற்றிய விவாதத்துக்குள் போக வேண்டாமே. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்து வருடங்களாயிற்று. அடிக்குப் பயந்தவன் விடையைக் காப்பியடித்து எழுதுவான், அவ்வளவுதான் நடக்கும்.

நான் நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன், சாக்பீஸ்தூள் டீச்சருக்கு உதவலாம்.

கேள்வி கேட்டவுடன் எத்தனை நேரம் காத்திருக்கிறோம்? 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சுமார் ஒரே ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளை, இல்லையென்றால் தாங்களே சொல்லிவிடுவது. அதை மூன்று நொடியாக நீட்டச் சொன்னதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். படித்தபோது நம்பவில்லை. என் போனில் என் பாடத்தைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். நான் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை! மூன்று நொடி மௌனம் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளமாக இருக்கும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன்.

அடுத்தது சிலேட்டு. ஆமாம், பழைய சிலேட்டுதான். கை தூக்கச் சொன்னால் அதே நான்கு பேர்தான் தூக்குவார்கள், மற்றவர்களுக்கு அது விடுமுறை. சிலேட்டில் எழுதி, நான் "காட்டு" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திருப்ப வேண்டும். தப்பு செய்தவனை நான் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவன் பார்க்க மாட்டான். துடைத்தால் தடயமே இல்லை. நோட்டில் மையால் எழுதும்போது கை நடுங்குகிற பிள்ளை சிலேட்டில் சரளமாகத் தப்பு செய்யும். அந்தச் சரளம்தான் முதலில் வேண்டும்.

அப்புறம் வந்த தப்புகளில் ஒன்றை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல், நானே பலகையில் எழுதுவேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பாதி வகுப்பு எழுதியிருக்கும். உடனே "தப்பு" என்று அடிக்காமல், "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சிறியதா?" என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் சலசலக்கும். "மிஸ், அரையோட கூட்டின பிறகு எப்படி அரையைவிடக் குறையும்?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். தப்பு எழுதியவன்தான் பெரும்பாலும் அந்தக் குரல்.

#6 கரூர்_அப்பா

பெற்றோர் பக்கமிருந்து ஒன்று. வேப்பமரத்தடி ஐயா சொன்ன அந்த மெல்லக் கற்போர் பட்டியலில் என் மகன் பெயரும் இருந்தது. எட்டாம் வகுப்பில், தனி பெஞ்ச். வீட்டுக்கு வந்து "அப்பா நான் எம்.கே." என்றான். எனக்குப் புரியவில்லை. மெல்லக் கற்போர், அதன் சுருக்கமாம். பசங்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அதற்குப் பிறகு சைக்கிள் செயின் கழன்றால்கூட "எனக்கு வராதுப்பா" என்று என்னிடம் கொண்டுவந்து நிறுத்துகிறான். போன வருடம்வரை அவனே மாட்டிக்கொள்வான்.

வீட்டில் நான் என்ன சொல்ல வேண்டும்? "நீ புத்திசாலிடா, உன்னால முடியும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

#7 நிழற்குடை

@கரூர்_அப்பா நான் கல்வி உளவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். "நீ புத்திசாலி" என்ற பாராட்டு எதிர்பாராத திசையில் வேலை செய்யும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வுகள் பிரபலமானவை. எல்லாருக்கும் முதலில் சுமாரான புதிர்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் பட்டத்துக்குப் பங்கம் வராத சுலபமான வேலையின் பக்கம் சாய்ந்தார்கள். நடுவில் எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு முதலில் கொடுத்த அளவுக்கே சுலபமானதைக் கொடுத்தும் கெட்டிக்காரர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு "மூளை வளரும்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் போதும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு, அதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இந்தக் கருத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்கு உயர்ந்தது. உண்மையான உயர்வுதான், ஆனால் சின்னது. சவாலை எடுப்பது அவமானம் இல்லை என்று கூடப் படிக்கிறவர்கள் நினைக்கிற பள்ளிகளில்தான் அது நன்றாக வேலை செய்தது. பையன் ஒருவனை மட்டும் தைரியசாலி ஆக்குவது கடினம். அவனைச் சுற்றியிருக்கிற பெஞ்சுகளும் மாற வேண்டும்.

#8 சாக்பீஸ்தூள்

@நிழற்குடை உழைப்பைப் பாராட்டு என்பதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிட்டார்கள். செய்தும் பார்த்தேன். "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றேன் ஒரு பையனிடம். "அப்ப தப்பு தானே மிஸ்?" என்றான். பிள்ளைகளுக்கு நம் பாஷை அத்துப்படி. விடை சரியென்றால் "வெரி குட்", தப்பென்றால் "நல்ல முயற்சி". ஆறுதல் பரிசுக்கு அவர்களிடம் மதிப்பே கிடையாது.

#9 நிழற்குடை

நியாயம் டீச்சர். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும். எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "60-ஐ முதலில் இரண்டால் வகுத்தாயே, ஏன் வகுத்தாய்?" என்று கேட்டால் அவன் செய்ததில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவனே கண்டுகொள்வான். பாராட்டு தனியாகத் தேவைப்படாது.

@கரூர்_அப்பா வீட்டிலும் அதேதான். சைக்கிள் செயினை நீங்கள் மாட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "எந்தப் பல்லுல முதல்ல மாட்டணும்?" என்று மட்டும் கேளுங்கள்.

#10 மேட்டுத்தெரு

இதெல்லாம் எதுக்கு. ராமானுஜன் கதையைச் சொல்லுங்க, தானா ரோஷம் வரும். அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சை எஃப்.ஏ.வுல ரெண்டு தடவை ஃபெயில் ஆனவர் ராயல் சொசைட்டி வரைக்கும் போனாரு.

#11 சாக்பீஸ்தூள்

சொல்லியிருக்கிறேன் சார். "அவரு மேதை மிஸ், கணக்குல தோக்கலையே, மத்ததுலதானே தோத்தாரு" என்று பதில் வந்தது. உண்மையும் அதுதான். கும்பகோணத்தில் கணக்கே கதி என்று இருந்ததால்தான் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். எங்கள் பிள்ளைகள் கணக்கிலேயே தோற்பவர்கள்.

#12 நிழற்குடை

கதை சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். எந்தக் கதை என்பதுதான் கேள்வி. நியூயார்க்கில் 402 மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சிலருக்கு ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் சோதனையில் எப்படித் தோற்றார்கள், வாழ்க்கையில் என்ன பட்டார்கள் என்பதைக் கொடுத்தார்கள். பாடுபட்ட கதையைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது, அதிலும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அதிகம். சாதனையை மட்டும் படித்தவர்களுக்கு உயரவில்லை. ராமானுஜன் கனவில் அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் வந்து சூத்திரம் சொன்னதை மட்டும் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? தன் கனவில் வரவில்லையே என்று போய்விடும்.

#13 பனங்கொட்டை

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட இழையை வாசிக்க எங்கட பாடசாலையைப் பாத்த மாதிரிக் கிடக்கு. இங்க சாதாரண தரத்தில (உங்கட பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி) கணிதம் சித்தியில்லாட்டி உயர்தரம் (உங்கட பிளஸ் டூ மாதிரி) போறதே சிக்கல், அதால கணித பாடமெண்டாலே பிள்ளையளுக்கு நெஞ்சிடி. பாடசாலையில கேக்கக் கூச்சம், ரியூசனில நூறு பேருக்கு நடுவில கேக்க இன்னும் கூச்சம்.

நான் செய்யிற ஒண்டைச் சொல்லுறன். கணக்கைப் பிள்ளையளையே உருவாக்கச் சொல்லுவன். "விடை 24 வரவேணும், வசனக் கணக்கொண்டு எழுதிக்கொண்டு வா". பிழை விட வழியே இல்லாத மாதிரித் தோன்றுறதால எல்லாரும் எழுதுவினம். பிறகு ஒருத்தர்ர கணக்கை இன்னொருத்தர் செய்யவேணும். விடை 24 வராட்டிக் கணக்கில பிழையோ செய்தவர்ல பிழையோ எண்டு ரெண்டுபேரும் சண்டை பிடிப்பினம் பாருங்கோ, அந்தச் சண்டைக்காகவே இதைச் செய்யலாம். தன்ர கணக்குக்கு வாதாடுற பிள்ளைக்குப் பயம் எங்க இருக்கப் போகுது?

#14 உச்சிக்கிளை

நான் ஆசிரியர் இல்லை. பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலை செய்கிறேன். அரசுப் பள்ளி மாணவன்.

எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறதே (தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு), ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமே, அதற்குப் பொதுவாக நன்றாகப் படிக்கிற நாலைந்து பேரைத்தான் அனுப்புவார்கள். எங்கள் சார் ஏழாவதில் 55 சதவீதம் எடுத்து விதிப்படி தகுதி இருந்த எல்லாரையும் எழுத வைத்தார். நானும் போனேன். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை.

ஆனால் தயாரிப்பு வகுப்பில் நடந்த ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. மனத்திறன் கேள்வி எதையும் யாரும் எங்களுக்கு "நடத்தியது" கிடையாது. எண் தொடர், கண்ணாடி பிம்பம், கனசதுரத்தின் எதிர்ப்பக்கம், இந்த மாதிரி. முதல் ரேங்க் எடுக்கிறவனும் திருதிருவென்று முழித்தான், நானும் முழித்தேன். சாரே சில கேள்விக்கு "இருங்கடா, எனக்கே தெரியல" என்று பலகையில் மூன்று வழி போட்டு அழித்துவிட்டு நாலாவது வழியில் பிடித்தார். பெரியவர் ஒருவர் தெரியாமல் நின்று யோசிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. எல்லா வாத்தியாரும் பாடத்தைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வருவார்கள், இல்லையா?

#15 சாக்பீஸ்தூள்

@உச்சிக்கிளை இதை ஆசிரியர் பயிற்சியில்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை தம்பி. நன்றி.

#16 மூணாம்_பிரிவேளை

எல்லாரும் வேப்பமரத்தடி ஐயா சொன்ன 35 மார்க் வழியைப் போட்டுத் தாக்குகிறீர்கள். நான் அந்த வழியில்தான் வருடாவருடம் பிள்ளைகளைக் கரையேற்றுகிறேன், வெட்கப்படவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் பத்தாவது ஃபெயிலானால் அடுத்த ஆனியில் கல்யாணம். பையன் ஃபெயிலானால் திருப்பூர் பஸ். 35 எடுத்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பிளஸ் ஒன் என்று ஏதோ ஒரு கதவு திறக்கும். ஒன்பதாவது வரை ஒவ்வொரு தேர்விலும் 12, 15 என்று வாங்கியவள் அரையாண்டில் 41 வாங்கிய அன்றைக்கு என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கிராஃபில் வாங்கிய மார்க்தான், உருப்போட்ட ஒரு மார்க்தான். அதற்கென்ன? "இன்னும் ஏதாச்சும் கணக்கு குடுங்க சார்" என்று கேட்டாளே, அது தைரியம் இல்லையா? தோற்றுத் தோற்றுக் களைத்தவர்களிடம் போய் "தோல்வியை அனுபவி" என்று பாடம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு முதலில் ஒரு ஜெயிப்பு வேண்டும்.

#17 வேப்பமரத்தடி

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் அந்த வழியைக் குறை சொல்லவில்லை, அது ஜனவரி மாதத்து வைத்தியம் என்கிறேன். ஜூன் மாதமே அதைத் தொடங்கி, இப்போது ஆறாம் வகுப்புக்கும் இறக்கிவிட்டோம். அதுதான் கோளாறு. அந்தப் பெண் "இன்னும் குடுங்க" என்று கேட்டபோது என்ன கொடுத்தீர்கள்?

#18 மூணாம்_பிரிவேளை

இன்னொரு கிராஃப்தான் கொடுத்தேன் ஐயா. பரீட்சைக்கு நாள் இல்லை.

#19 சாக்பீஸ்தூள்

இந்த இரண்டு பதிவுகளையும் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பத்தாம் வகுப்பில் நான் மூணாம்_பிரிவேளை சார் செய்வதைத்தான் செய்வேன், வேறு வழியில்லை. துணிந்து தப்பு செய்து பழக ஒன்பதாம் வகுப்புதான் சரியான இடம். அங்கே யாரும் விழுக்காடு கேட்பதில்லை. அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறேன், என்ன நடந்தது என்று வந்து சொல்கிறேன்.

#20 சாக்பீஸ்தூள்

சொன்னபடி வந்துவிட்டேன். அரையாண்டு நெருங்குகிறது. என்ன செய்தேன் என்றால், செவ்வாய்க்கிழமை ஒரு பிரிவேளை "நடத்தாத கணக்கு". பெயரே அதுதான், காலாண்டுக்குப் பிறகு நான் கூப்பிட்டுக் கேட்ட பெண் கொடுத்த பெயர். மார்க் கிடையாது, நோட்டில் எழுத வேண்டாம், சிலேட்டு அல்லது தரையில் சாக்பீஸ். இருவர் இருவராக. முதல் ஐந்து நிமிடம் விடை சொல்லவே கூடாது, என்ன கொடுத்திருக்கிறார்கள், படம் போட முடியுமா என்று மட்டும் பேச வேண்டும். பனங்கொட்டை டீச்சர் சொன்ன கணக்கு உருவாக்கும் வேலையையும் நடுநடுவே சேர்த்தேன். செம சண்டை.

முதல் செவ்வாய் அதே தோட்டக் கணக்கைத்தான் மறுபடி கொடுத்தேன். வந்த தப்புகளில் இரண்டை நானே பலகையில் எழுதினேன், பெயர் சொல்லாமல். ஒன்று: 60-ஐ நீளமும் அகலமும் சேர்ந்தது என்று எடுத்து 33, 27 என்று போட்டிருந்தார்கள். "நாலு பக்கத்தையும் கூட்டு" என்றதும் 120 வந்துவிட்டது, அவர்களே சிரித்துவிட்டார்கள்.

இன்னொன்றைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். இதுவரை அவன் கணக்கு நோட்டில் தலைப்பைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. 60-ஐ நான்கால் வகுத்து 15. நீளம் 6 அதிகமாமே, அதனால் 21. ஆக 15-ம் 21-ம். தப்புதான். நான் அழிக்கவில்லை. "சரிபார்" என்றேன். சுற்றளவு 72 வந்தது. "12 ஜாஸ்தியா போச்சு மிஸ்" என்றான். கொஞ்ச நேரம் தரையில் அந்தச் செவ்வகத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். அப்புறம், "நாலு பக்கத்துலயும் மூணு மூணு வெட்டிட்டா?" 12-ம் 18-ம். பரப்பளவு 216. சமன்பாடு இல்லை, எக்ஸ் இல்லை, ஒன்றும் இல்லை. வித்தியாசம் 6 மாறாமல் இருக்கும் என்பதை அவன் சொல்லாமலே பயன்படுத்திவிட்டான். எனக்கு இந்த வழி தெரியாது. நான் சமன்பாடு போட்டுத்தான் பழக்கம்.

எல்லாம் இனிப்பாக இல்லை. மூன்று நான்கு ஜோடிகள் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சை அரட்டையாக மாற்றும் ஆட்களும் உண்டு. நான் எதிர்பார்க்காதது ஒன்று: செவ்வாய்க்கிழமையை அதிகம் வெறுப்பது முதல் மார்க் வாங்குகிற அந்தப் பெண்தான். போன வாரம் அழுதேவிட்டாள். "இதெல்லாம் பப்ளிக்ல வராது, ஏன் மிஸ் டைம் வேஸ்ட் பண்றீங்க" என்கிறாள். அவளை என்ன செய்வது?

#21 சிலேட்டுக்குச்சி

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு கடலைமிட்டாய்.

அந்தப் பெண்ணைப் பற்றி: பயந்த பிள்ளை என்றால் கடைசி பெஞ்சைத்தான் நினைக்கிறோம். அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை, அவளுக்குப் பெயர் இருக்கிறது. வீட்டில், தெருவில், ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் "கணக்கில் நூறு எடுப்பாள்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அரசு 2017-லேயே பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பது மட்டும் நிற்கவில்லை. அவளை வகுப்புக்கு முன்னால் கூப்பிடாதீர்கள், ஜோடியும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். கொஞ்சம் மெதுவாக.

#22 நிழற்குடை

அவளுடைய கேள்விக்கு நேர்மையான பதிலும் ஒன்று தேவைப்படும். மனு கபூர் என்ற ஆய்வாளர் சிங்கப்பூரில் இருந்தபோது 2008-இலிருந்து இதைப் பற்றித்தான் ஆய்வுகள் வெளியிட்டார். பாடம் நடத்துவதற்கு முன்பே கடினமான கணக்கைக் கொடுத்துத் திணற விட்டு, அதற்குப் பிறகு நடத்தினால், நடைமுறைக் கணக்குகளில் மற்றவர்களுக்குக் குறையாமலும் கருத்துப் புரிதலில் மேலாகவும் வருகிறார்கள். கவனிக்க வேண்டியது அந்த "பிறகு நடத்தினால்". திணற விட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டால் திணறல்தான் மிஞ்சும். கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் அந்தப் பையன் வழியையும் சமன்பாட்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், அவளுக்குத் தெரிந்த முறை எங்கே நிற்கிறது என்று அவளுக்கே புரியும். பொதுத்தேர்வின் கட்டாய வினாவையும் சுட்டிக் காட்டுங்கள், பழைய வினாத்தாளோடு. அவள் கணக்குப் பார்க்கிற பெண், கணக்கு காட்டினால் ஒத்துக்கொள்வாள்.

#23 கரூர்_அப்பா

இடையில் ஒன்று. செயின் மாட்டிவிட்டான். கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கிரீஸ், அவன் அம்மாவிடம் எனக்குத் திட்டு. பள்ளியில் போய் அந்தத் தனி பெஞ்ச் பற்றிப் பேசினேன். "எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான் சார்" என்றார்கள். மறுபடி போவேன்.

#24 மேட்டுத்தெரு

டீச்சர், நான் வாதாடினது இருக்கட்டும். அந்த வெட்டுற வழியை எங்க வீட்டுப் பொண்ணுகிட்ட சொன்னேன், மூணு தடவை கேட்டுச்சு. வேற கணக்கு இருந்தா போடுங்க.

#25 மூணாம்_பிரிவேளை

எனக்கும் வேண்டும் மேடம். ஆனால் ஒன்று, புதிதாகக் கணக்கு தேட எனக்கு நேரமில்லை. 42 பேர் வகுப்பு, தேர்தல் பட்டியல் வேலை வேறு. எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

#26 சாக்பீஸ்தூள்

தேடவே வேண்டாம் சார், நம் பாடப்புத்தகத்துக் கணக்குகளைத் திருப்பிப் போட்டாலே போதும். உருளையின் ஆரம் 7, உயரம் 10, கனஅளவு காண் என்று இருக்கும். கனஅளவு 1540, ஆரம் 7, உயரம் என்ன என்று கேளுங்கள். சூத்திரம் அதேதான், பிள்ளைகள் பாதிப் பேர் திகைப்பார்கள். சராசரியும் அப்படியே: "ஐந்து எண்களின் சராசரி 12. ஒன்றை எடுத்துவிட்டால் சராசரி 10. எடுத்தது எது?" சிலர் 2 என்பார்கள், பலகையில் எழுதுங்கள், பேச விடுங்கள்.

சில நேரம் கேள்வியையே வெட்டிவிடுவேன். "ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 60" என்று எழுதி முற்றுப்புள்ளி. "என்ன கேட்கலாம்?" அவ்வளவுதான். 29-ம் 1-ம் கூடச் செவ்வகம்தானா என்று ஒரு செவ்வாய் முழுக்க ஓடியது.

பத்தாம் வகுப்புக்கு என்றால் கட்டாய வினாவை மட்டும் வாரம் ஒன்று, பத்து நிமிடம். "இன்னும் குடுங்க" என்று கேட்டாளே உங்கள் மாணவி, அவளுக்கு முதலில் கொடுங்கள். நான் சேர்த்து வைத்திருப்பதைத் தட்டச்சு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். விடைகளைப் போட மாட்டேன், கேட்காதீர்கள்.